மும்பை சப்அர்பன்: சதுர கிலோமீட்டருக்கு 20,980 பேர் என்றால் என்ன அர்த்தம்?

மலர்க்குழு | 11 ஜனவரி 2026

சங்க மலரில் மும்பை வாழ்க்கை பற்றி நாலு பக்கம் எழுத வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி நகர மாவட்டத்தில் 30,85,411 பேர், சதுர கிலோமீட்டருக்கு 19,652. சப்அர்பன், அதாவது புறநகர் மாவட்டத்தில் 93,56,962 பேர், சதுர கிலோமீட்டருக்கு 20,980. தாராவி நகர மாவட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் "தாராவிப் பக்கத்தைவிடப் புறநகரில்தான் நெரிசல் அதிகம்" என்று எழுதிவிடலாமா? அப்புறம், மும்பைத் தமிழர் எத்தனை பேர் என்று ஒரே ஒரு எண் வேண்டும்.

குர்லா கணக்கு | 11 ஜனவரி 2026

எழுதாதீர்கள். வகுத்தது சரி, எதால் வகுத்தீர்கள் என்பதில்தான் கோளாறு.

சப்அர்பனின் 446 சதுர கிலோமீட்டரில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் 44 சொச்சம் அடக்கம். ஆரே பால்பண்ணைப் பசுமைப் பகுதி கிட்டத்தட்ட 13. இந்த இரண்டை மட்டும் கழித்தாலே மிச்சம் 389, நெரிசல் 24,000க்குப் போய்விடும். உப்பளம், அலையாத்திக் காடு, விமான நிலையம் எதையும் இன்னும் தொடவில்லை. சிறுத்தை நடமாடுகிற இடத்தையும் சேர்த்துப் பங்கு போட்டுத்தான் அந்த 20,980 வந்திருக்கிறது.

புறநகரில்தான் அதிகம் என்பது இன்னும் பலப்படுகிறதே என்று நினைக்கலாம். நகர மாவட்டத்திலும் துறைமுக நிலம், கொலாபாவில் ராணுவ இடம், ரேஸ்கோர்ஸ் எல்லாம் இருக்கின்றன. அவற்றையும் கழிக்க வேண்டும். தாராவி இருக்கும் ஜி-வடக்கு வார்டில்தான் சிவாஜி பார்க் மைதானமும் இருக்கிறது. வார்டு அளவில் பார்த்தால்கூட மைதானமும் சந்தும் கலந்துவிடும், மாவட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

நெல்லை எக்ஸ்பிரஸ் | 11 ஜனவரி 2026

சிறுத்தைக்கும் ரேஷன் கார்டு உண்டாவே?

குர்லா கணக்கு | 12 ஜனவரி 2026

குடிசைக்காரரிடம் கேட்கிற மாதிரி, 1995க்கு முந்தின அத்தாட்சி வைத்திருந்தால் உண்டு.

நேற்று ஒன்று விட்டுப்போனது. இரண்டு மாவட்டமும் ஒரே திசையில் போகவில்லை. 2001இல் நகரத்தில் 33,38,031 பேர் இருந்தார்கள், பத்தே வருஷத்தில் ஏழரை சதவீதம் குறைந்தது. சப்அர்பன் 86,40,419இல் இருந்து எட்டு சதவீதம் ஏறியது. நகரத்தில் குறைந்ததால் அங்கே நெரிசல் தீர்ந்துவிட்டது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஆள் போன இடம் பெரும்பாலும் கடையாகவும் ஆபீசாகவும் மாறியிருக்கிறது, குடியிருப்பவர் அறை அதே அறைதான்.

குர்லா கணக்கு | 12 ஜனவரி 2026, இரவு

தமிழர் எண்ணுக்கு வருகிறேன். மகாராஷ்டிரம் முழுவதற்கும் 2011இல் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 5.1 லட்சம். "மும்பையில் பத்து லட்சம் தமிழர்" என்று மேடையில் சொல்கிறவர்கள் இதை முதலில் பார்க்கட்டும். மாவட்ட வாரியாக வேண்டுமானால் சி-16 என்ற தாய்மொழி அட்டவணையை எடுங்கள். சப்அர்பனின் எண் 518, நகரத்தின் எண் 519.

ஆனால் அந்தத் தமிழ் என்ற வரியை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். கணக்கெடுப்பு தமிழ் என்ற தலைப்பின் கீழ் கைக்காடி, கொரவ, எருக்கல போன்ற பேச்சுகளையும் சேர்க்கிறது. கைக்காடி சமூகம் மகாராஷ்டிரத்துக்காரர்கள். எதிர்ப்பக்கமும் கசிவு உண்டு: தமிழ்நாட்டிலிருந்து வந்து வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் தெலுங்கில் போகும். தாய்மொழி அட்டவணை யார் எந்த ஊர் என்று சொல்லாது. அதற்குப் பிறந்த இடம், முன்பு வசித்த இடம் என்று இடப்பெயர்வு அட்டவணைகள் தனியாக இருக்கின்றன. அவற்றில் இங்கேயே பிறந்த மூன்றாம் தலைமுறை இருக்காது. இரண்டையும் கூட்டினால் தப்பு, ஒன்றை மட்டும் எடுத்தாலும் தப்பு. எந்த அட்டவணையிலிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, டோம்பிவிலி, கல்யாண், நவி மும்பைத் தமிழர்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் வரமாட்டார்கள்.

மலர்க்குழு | 14 ஜனவரி 2026

மாவட்ட எண் வேண்டாம் என்றால் நெரிசலை எப்படித்தான் சொல்வது? தாராவியின் நெரிசலைப் போடலாமா?

குர்லா கணக்கு | 14 ஜனவரி 2026

அதற்கு இரண்டு எண் வேண்டும், இரண்டுமே ஆடுகின்றன. பரப்பை 2.1 என்கிறார்கள், 2.4 என்கிறார்கள். மக்கள்தொகையை ஆறு லட்சம் என்பார் ஒருவர், பத்து லட்சம் என்பார் அடுத்தவர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு இரண்டரை லட்சத்திலிருந்து நாலே முக்கால் லட்சம் வரை எது வேண்டுமானாலும் வரும்.

அறையை அளந்து எழுதுங்கள். பத்துக்குப் பதினைந்து கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, 150 சதுர அடி. ஒரு மூலையில் மோரி என்கிற கழுவுமிடம், இன்னொரு மூலையில் அடுப்பு, சுவரோரம் டிரம். படுக்க மிஞ்சுவது 100 அடிக்கும் கீழே. அதில் ஐந்து ஆறு பேர். ஒரு அறைக்கு மூன்று பேருக்கு மேல் போனால் நெரிசல் என்பது ஐ.நா. வாழ்விடத் திட்டத்தின் அளவுகோல். அதை வைத்து வீடு வீடாக எண்ணினால் மாவட்ட சராசரி மறைத்ததெல்லாம் வெளியே வரும்.

நெல்லை எக்ஸ்பிரஸ் | 14 ஜனவரி 2026

அறைக்கு மேல தட்டுப் போட்டு இன்னொரு அறையாக்குற போட்மாலாவ விட்டுட்டீரே அண்ணாச்சி. கோலின்னா கீழ ஒண்ணு, மேல ஒண்ணு.

குர்லா கணக்கு | 15 ஜனவரி 2026

விட்டுவிட்டேன்தான். முழுக் கதையும் மாலாவுக்கு ஏறுகிற அந்த ஏணியில்தான் இருக்கிறது.

குடிசைப் பகுதியில் கட்டடம் 14 அடிக்கு மேல் போனால் மாநகராட்சி இடிக்கும். அந்த 14 அடியைத்தான் இரண்டாக வெட்டுகிறார்கள். கீழே ஏழரை அடி, நடுவே இரும்புக் கர்டரும் அதன் மேல் கல் பலகையும், மேலே ஆறடி. கூரை சரிகிற பக்கம் நாலரைதான் இருக்கும். ஏணி வெளியே சந்தில் நின்றால், மூன்றடிச் சந்து ஒன்றரை அடியாகிவிடும். ஸ்ட்ரெச்சர் நுழையாது, சிலிண்டரை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கொண்டுபோகலாம். தகரப் பத்ரா போட்ட மாலாவில் ஏப்ரல், மே மாதம் பகலில் ஆள் இருக்க முடியாது. சிமெண்டு ஷீட் கொஞ்சம் தேவலை. கூரைக்கு வெள்ளை அடிப்பதும், ஏணிக்கு எதிர்ச் சுவரில் உச்சியில் ஒரு துவாரம் விடுவதும் உதவும். தெர்மோகோல் அடிக்கிறார்கள், சூடு குறையும்தான். ஆனால் ஒயர் அதை ஒட்டி ஓடினால் ஒரு பொறி போதும்.

மாலாவில் இருப்பது வாடகைக்கு வந்த குடும்பம், அல்லது ஏழெட்டு ஆண் பிள்ளைகள். அவர்கள் கணக்கெடுப்பில் தனி வீடாக வருவார்கள்.

குர்லா கணக்கு | 16 ஜனவரி 2026

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். எல்லா மாலாவும் தனி வீடாக வராது.

கணக்கெடுப்பில் தனி வீடு என்றால் சாலை, முற்றம், படிக்கட்டு போன்ற பொது இடத்திலிருந்து தனி வாசல் இருக்க வேண்டும். தனி குடும்பம் என்றால் தனி அடுப்படி. வெளியே ஏணி இருந்தால் மாலா தனி வீடு. கீழ் அறைக்குள்ளிருந்தே பொந்து வழியாக ஏறினால் அதே வீடு, ஆனால் தனியாகச் சமைத்தால் தனிக் குடும்பம். ஏழெட்டு பேர் சேர்ந்து ஒரே அடுப்பில் பொங்கினால், உறவு எதுவும் இல்லாவிட்டாலும், அது ஒரே குடும்பம். சொந்தமில்லாதவர்கள் ஒரே அடுக்களையில் சாப்பிடுகிற ஹாஸ்டல், மெஸ் மாதிரி இடம் நிறுவனக் குடும்பம். காலாவில், அதாவது பட்டறையில், மெஷினுக்கு நடுவே தூங்குகிற பையன்கள் எதில் போவார்கள் என்பது எண்ண வந்தவர் எந்த நேரத்தில் வந்தார், என்ன கேட்டார் என்பதைப் பொறுத்தது. பகலில் வந்தால் அது பட்டறை. "ராத்திரி இங்கே யார் படுப்பார்கள்" என்று கேட்டால்தான் வீடு.

ஆக, எண்ண வந்தவர் ஏணி ஏறவில்லை என்றால் சந்துக்கே பாதிக் குடும்பம் காணாமல் போகும். அடுத்த கணக்கெடுப்புக்கு வீட்டுப் பட்டியல் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், ஆள் கணக்கு 2027 மார்ச் 1 நள்ளிரவு நிலவரப்படி. மலரில் இதற்கு ஒரு கட்டம் போடுங்கள்: மாலாவில் இருப்பவர்கள் தாங்களாகவே இறங்கிவந்து சொல்ல வேண்டும். கீழ்வீட்டுக்காரர் சொல்லமாட்டார். வாடகை கணக்கில் வருமே என்று அவருக்குப் பயம். ஆனால் கணக்கெடுப்பில் சொன்னதைச் சட்டப்படி சாட்சியமாக எடுக்க முடியாது.

அரை இஞ்சு | 17 ஜனவரி 2026

அறையை அளந்தாச்சு. தண்ணிய யார் அளப்பா?

குடிசைக்கு ஆளுக்கு 45 லிட்டர், கட்டடத்துக்கு 135 என்பது இங்கே பழகிய கணக்கு. ஐந்து பேருக்கு 225 லிட்டர். நீல டிரம் ஒன்று 200, மேலே ஒரு குடம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இப்போது குழாய்க்கு வாருங்கள். பத்து வீட்டுக் குழுவுக்கு ஒரு அரை இஞ்சு இணைப்பு என்று வையுங்கள். அழுத்தம் சுமாராக இருந்தால் நிமிஷத்துக்கு 10 லிட்டர். பத்து வீட்டுக்கும் 2,250 லிட்டர் பிடிக்க 225 நிமிஷம், மூணே முக்கால் மணி நேரம். தண்ணீர் வருவது இரண்டு மணி நேரம் என்றால் 1,200 லிட்டர்தான். வீட்டுக்கு 120, ஆளுக்கு 24.

அதனால்தான் மோட்டார். திருட்டுப் புத்தி என்று திட்டுகிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டால் மோட்டார் மாட்டாதவன்தான் ஏமாந்தவன். ஒரு வீடு மாட்டினால் கடைசி வீட்டில் காற்றுதான் வரும், அவனும் மாட்டுவான். எல்லாரும் இழுத்தால் பைப்புக்குள் அழுத்தம் இறங்கி, வெளியே இருக்கும் கட்டர்த் தண்ணியை, அதாவது சாக்கடைத் தண்ணியை, மூட்டு வழியாக உள்ளே உறிஞ்சும். மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் அந்த வழி.

ஜி.ஐ. பைப் கட்டருக்குள் கிடந்தால் முதலில் அரிப்பது சாக்கெட் மூட்டு. மூட்டை மட்டுமாவது சுவரில் ஒரு அடி மேலே ஏற்றி கிளாம்ப் அடிக்க வேண்டும். தண்ணி வந்ததும் முதல் ஐந்து நிமிஷத்தை மோரி கழுவ விடுங்கள், குடிக்கப் பிடிக்காதீர்கள். டிரம்மை வாரம் ஒரு நாள் காலியாக்கி உள்சுவரைத் தேய்க்க வேண்டும். டெங்குக் கொசு முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டிவிட்டால் போகாது.

நெல்லை எக்ஸ்பிரஸ் | 17 ஜனவரி 2026

ஆளுக்கு 24 லிட்டர்னா எங்க ஊர்ல எருமைக்கே பத்தாது வே.

குர்லா கணக்கு | 18 ஜனவரி 2026

அரை இஞ்சு சொன்ன மாதிரியே கக்கூசுக்கும் போடலாம். தூய்மை இந்தியா விதிப்படி குடியிருப்பவர்கள் பகிர்கிற சமுதாயக் கழிப்பறையில் 35 ஆணுக்கு ஒரு இருக்கை, 25 பெண்ணுக்கு ஒன்று. ஆளுக்கு ஆறு நிமிஷம் என்றால் 35 பேருக்கு 210 நிமிஷம். பெண்களுக்கு எட்டு நிமிஷம் வைத்தால் 200. காலை ஐந்தரை முதல் எட்டரை வரை இருப்பது 180. விதியை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தாலே வரிசை முடியாது. இதில் ஒரு இருக்கை அடைத்துக்கொண்டால், பல்பு போனால், ராத்திரி பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கை எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், காலை ஏழு மணிக்கு எத்தனை இருக்கை வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

மலர்க்குழு | 20 ஜனவரி 2026

குடிசைவாசிகள் குறைந்துவிட்டார்களாமே? 54 சதவீதம் என்பது 42 ஆகிவிட்டது என்று படித்தேன். நல்ல செய்தியாக ஒரு பத்தி போடலாமா?

குர்லா கணக்கு | 20 ஜனவரி 2026

எண் சரி. 2001இல் 64.75 லட்சம், 2011இல் 52 லட்சம் சொச்சம். ஆனால் அந்தப் பன்னிரண்டரை லட்சம் பேர் எங்கே போனார்கள் என்று இந்த எண்ணிலிருந்து தெரியாது. கொஞ்சம் பேர் எஸ்.ஆர்.ஏ. என்கிற குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் கட்டடத்துக்கு ஏறினார்கள். கொஞ்சம் பேர் இடிக்கப்பட்டு மாவட்டத்துக்கு வெளியே போனார்கள். கொஞ்சம் இடத்தை ஒரு கணக்கெடுப்பில் குடிசைப் பகுதி என்று குறித்து, அடுத்ததில் குறிக்காமல் விட்டதும் இருக்கலாம்.

எஸ்.ஆர்.ஏ. வீடு ஆரம்பத்தில் 225 சதுர அடி, பிறகு 269, இப்போது 300. தாராவித் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முந்தின தரைத்தள வீட்டுக்கு 350. தரைத்தளம் என்கிற சொல்லைக் கவனியுங்கள். போட்மாலாக்காரருக்கு அங்கேயே இலவச வீடு கிடையாது, தாராவிக்கு வெளியே வாடகை–தவணை முறைதான். அனெக்ஷர்-2 என்கிற தகுதிப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் எல்லாம். கணக்கெடுப்பில் ஏணி ஏறாதது ஒரு எண் பிழை, இங்கே ஏணி ஏறாதது ஒரு குடும்பத்தின் வீடு.

இன்னொரு கணக்கு. எஸ்.ஆர்.ஏ. மனையில் ஹெக்டேருக்குக் குறைந்தது 650 வீடு என்று விதி. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 3,250 பேர், சதுர கிலோமீட்டருக்கு மூணே கால் லட்சம். தாராவியின் குறைந்தபட்ச எண்ணைவிட அதிகம். நெரிசலை ஒழிக்கக் கட்டின கட்டடம் நெரிசலை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறது.

குர்லா கணக்கு | 21 ஜனவரி 2026

கடைசிப் பத்தியில் அவசரப்பட்டுவிட்டேன். 650 என்பது சாலை, மைதானம் எல்லாம் கழித்த நிகர மனைக்கு. தாராவியின் இரண்டரை லட்சம் என்பது சாலை, பள்ளி, பட்டறை எல்லாம் சேர்ந்த மொத்தப் பரப்புக்கு. காட்டைச் சேர்த்து வகுத்ததற்காக மலர்க்குழுவைத் திட்டிவிட்டு நானே அதே காரியத்தைச் செய்திருக்கிறேன். தாராவியிலும் குடியிருப்பு மனையை மட்டும் எடுத்தால் எண் எகிறும். நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

ஆனால் கட்டடங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது ஒப்பிடக்கூடியது. மான்கூர்ட்–கோவண்டிப் பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் இரண்டிலும் மூன்று மீட்டர் இடைவெளியில் கட்டடங்கள் நிற்கின்றன. காசநோய் பற்றி அங்கே ஆய்வு செய்தவர்கள் வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத கீழ்த்தள வீடுகளைத்தான் சுட்டினார்கள். குடிசையில் சூடு மேலே. கட்டடத்தில் இருட்டு கீழே.

அரை இஞ்சு | 21 ஜனவரி 2026

லிஃப்டையும் சேருங்க. பில் கட்டாம மீட்டர் வெட்டினா லிஃப்ட் மட்டும் நிக்காது, மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற பம்பும் நிக்கும். ஏழாவது மாடிக்குக் குடம் தூக்கணும். மாலா ஏணி எட்டடிதான்.

மலர்க்குழு | 24 ஜனவரி 2026

கோவண்டி இருக்கும் எம்-கிழக்கு வார்டில் சராசரி ஆயுள் 39 என்று பல செய்திகளில் வருகிறது. அதைத் தலைப்பாக வைக்க நினைக்கிறோம்.

குர்லா கணக்கு | 24 ஜனவரி 2026

வேண்டாம். அந்த வார்டின் நிலைமை மோசம் என்பதில் சந்தேகமில்லை. தேவ்னார் குப்பைமேடு 1927இல் இருந்து அங்கேதான். 2009இல் மாநகராட்சிக்காக வந்த மனித வளர்ச்சி அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடம் அதற்குத்தான். ஆனால் 39ஐ ஆயுள் என்று படிக்கக் கூடாது. அது செத்தவர்களின் சராசரி வயது மாதிரியான எண்.

குழந்தைகளும் இளசுகளும் நிறைந்த வார்டில் சாகிறவர்களிலும் இளவயதுக்காரர் பங்கு அதிகமாகத்தான் இருக்கும். மாட்டுங்காவில் கிழவர்கள் அதிகம், அங்கே அந்த எண் தானாக ஏறும். ஆயுளைக் கணக்கிட ஒவ்வொரு வயதிலும் ஆயிரத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று வேண்டும். இறப்பைப் பதிவு செய்வதும் நடந்த இடத்தில்தான். கோவண்டிக்காரர் சயான் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு அந்த ஆஸ்பத்திரி இருக்கும் எஃப்-வடக்கு வார்டில் விழும், வீட்டு முகவரிப்படி மறுபடி பிரிக்காவிட்டால் வார்டு எண்ணே கலங்கிவிடும். நம் ஆட்களில் வயதானபின் ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் வேறு. அவர்கள் சாவு திருநெல்வேலிக் கணக்கில்.

குர்லா கணக்கு | 25 ஜனவரி 2026

ஆண்–பெண் விகிதத்தையும் இதோடு முடித்துவிடுகிறேன். 2011இல் ஆயிரம் ஆணுக்கு சப்அர்பனில் 860 பெண், நகரத்தில் 832. 2001இல் 822, 777. ஏறுகிறது. தனியாக வந்த ஆண்களின் ஊர் குடும்பங்களின் ஊராக மாறுகிறது என்று படிக்கலாம். பட்டறையில் படுக்கிற பையன்களை எண்ணாமல் விட்டாலும் இதே எண் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் வழி இல்லை.

மலர்க்குழு | 2 பிப்ரவரி 2026

பக்கம் அனுப்பியாச்சு. முதல் வரி: "மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பம் சராசரியாக 150 சதுர அடியில் வாழ்கிறது."

குர்லா கணக்கு | 2 பிப்ரவரி 2026

"சராசரியாக" என்பதை எடுங்கள். செம்பூர் சேடா நகரில் பெரிய வீட்டில் இருப்பவர் சண்டைக்கு வருவார். "பத்துக்குப் பதினைந்து கோலி ஒன்றில்" என்று தொடங்குங்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸ் | 2 பிப்ரவரி 2026

கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. அதையும் போடச் சொல்லும்.